தன்மை, முன்னிலை, படர்க்கை: மேயர் அறிக்கை ஒன்றின் இலக்கணம்

அமெரிக்க நகரங்களில் ஆண்டு பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் மேயர் ஓர் உரை நிகழ்த்துவார். 'நகரத்தின் நிலை' என்பது அதன் பெயர். சென்ற ஆண்டு என்ன செய்தோம், நகரம் எப்படி இருக்கிறது, வரும் ஆண்டில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு மணி நேரம் போல் பேசுவார். குடியரசுத் தலைவர் நாட்டின் நிலையை நாடாளுமன்றத்துக்கு அவ்வப்போது தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் சொல்கிறது. அதைப் பார்த்து மாநில ஆளுநர்களும் மேயர்களும் எடுத்துக்கொண்ட வழக்கம் இது. சில இடங்களில் சட்டக் கடமையும்கூட. நகரத்தின் நிதி, நிர்வாகம், அலுவல்கள் குறித்து மேயர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நகர மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது நியூயார்க் நகரச் சாசனம்.

நம்மூர் மேயரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் விஷயம் பிடிபடாது. அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொண்டு மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் நம்மூர் மேயர். நிர்வாக அதிகாரம் அரசு அனுப்பி வைக்கும் ஆணையர் கையில் இருக்கிறது. நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களில் மேயரே நிர்வாகத்தின் தலைவர். பட்ஜெட் தயாரிப்பவர், துறைத் தலைவர்களை நியமிப்பவர் எல்லாம் அவர்தான். எனவே அங்கே மேயரின் அறிக்கை என்பது அதிகாரம் தன்னைப் பற்றித் தானே தரும் வாக்குமூலம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வகைமை ஒன்றும் புதிதல்ல. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலைமாட்டில் மெய்க்கீர்த்தி வருகிறது. ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகளும் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீண்டுகொண்டே போகும். அது முடிந்த பிறகுதான் கல்வெட்டு தன் வேலைக்கு வரும்: எந்த ஊர், எவ்வளவு நிலம், எந்த வரி யாருக்கு நீக்கம், யார் யார் கையெழுத்து. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கீழ்ப்பகுதிகளை ஆயிரக்கணக்கில் எண்ணி, அட்டவணை போட்டுத்தான் சோழர் காலத்து நிலவுடைமை பற்றியும் வரி பற்றியும் நமக்குச் சொன்னார்கள். மெய்க்கீர்த்தி பொய் என்பதல்ல இதன் பொருள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதை அது சொல்லாது, அவ்வளவுதான்.

மேயர் உரையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். ஒரு வித்தியாசம்: கல்வெட்டில் தலையும் காலும் ஒரே கல்லில் இருக்கின்றன. மேயர் உரையின் கீழ்ப்பகுதியோ வேறு வேறு அலுவலகங்களில், வேறு வேறு ஆவணங்களில் சிதறிக் கிடக்கிறது. டெட்ராய்ட் நகரத்தில் அவை 2013இல் ஒரு சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து வெளியே வந்தன. ஆகவே அந்த நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். வாசிப்பதற்குக் கருவி வெளியே தேட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மூவிடப் பெயர்கள் போதும். வசதிக்காக முன்னிலையில் தொடங்கலாம்.

முன்னிலை: யாரிடம் சொல்லப்படுகிறது?

டெட்ராய்ட் மோட்டார் தொழிலின் தலைநகரம். 1950இல் அதன் மக்கள்தொகை 18 லட்சத்தைத் தாண்டியிருந்தது, 2010இல் 7,13,777. இதில் ஏறக்குறைய 83 சதவீதம் கறுப்பின மக்கள். 2013 பிப்ரவரியில் மேயர் டேவ் பிங் தன்னுடைய ஆண்டு உரையை நிகழ்த்தினார். கூடைப்பந்து வீரராக இருந்து, பிறகு எஃகு வியாபாரம் செய்து, 2009இல் மேயரானவர் அவர். அடுத்த மாதமே மாநில ஆளுநர் ரிக் ஸ்னைடர் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை நகரத்தின் நெருக்கடி கால மேலாளராக நியமித்தார். மேயரின் அதிகாரமும் நகர மன்றத்தின் அதிகாரமும் அவர் கைக்குப் போயின. நம்மூர் பாஷையில் சொன்னால், தனி அலுவலர்.

இந்த நியமனத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இத்தகைய மேலாளர்களுக்கு மிகையான அதிகாரம் தந்த 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பில் ரத்து செய்திருந்தார்கள். டிசம்பரிலேயே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை அதில் ஒரு பண ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். பண ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட முடியாது என்பது அந்த மாநில விதி. எவ்வளவு வக்கணையான ஏற்பாடு பாருங்கள்! 2013இல் மிச்சிகனின் கறுப்பின மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாங்கள் தேர்ந்தெடுக்காத மேலாளர்களின் கீழ் வந்துவிட்டார்கள். பக்கத்து ஃப்ளின்ட் நகரத்தில் 2014இல் குடிநீர் ஆதாரத்தை மாற்றி, குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் கலந்ததே, அதுவும் இப்படிப்பட்ட நிர்வாகம் நடந்த காலத்தில்தான்.

2013 ஜூன் 14 அன்று கெவின் ஓர் ஓர் அறிக்கையை முன்வைத்தார். 130 பக்கங்களுக்கு மேல். அதில் இருந்தவை: தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை, அவசர அழைப்புக்குப் போலீஸ் வந்து சேரச் சராசரியாக 58 நிமிடம் ஆகிறது, கைவிடப்பட்ட கட்டடங்கள் 78,000, கடனும் பிற பொறுப்புகளும் சேர்ந்து சுமார் 1,800 கோடி டாலர். நகரத்தின் நிலையை இவ்வளவு அப்பட்டமாக எந்த மேயர் உரையும் சொன்னதில்லை. ஆனால் இந்த அறிக்கையின் தலைப்பே 'கடன் கொடுத்தவர்களுக்கான யோசனை' என்பதுதான். அது முன்வைக்கப்பட்ட இடம் நகர மன்றம் அல்ல. நகர எல்லைக்கு வெளியே விமான நிலையத்து ஹோட்டல். ஜூலை 18 அன்று நகரம் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய நகரம் திவாலானதில்லை.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு அறிக்கைகள். வாக்காளரிடம் பேசும்போது 'சிரமம் இருக்கிறது, மீண்டு வருவோம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடன்காரனிடம் பேசும்போது 'பாருங்கள், எங்களிடம் ஒன்றுமே இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது அறிக்கைதான் 'உண்மை', முதலாவது 'பொய்' என்று அவசரப்பட வேண்டாம். கடன்காரனிடம் பஞ்சப்பாட்டு பாடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 58 நிமிடம் என்பதை ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள் முன்பே அறிவார்கள். அவர்கள் சொன்னபோது அது புகார். கடன்காரர் முன் வைக்கப்பட்டபோது அது தரவு. ஓர் அனுபவம் ஆவணத்தில் ஏறுவதற்கு யாரை நோக்கிப் பேச்சு திரும்ப வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கருத்தியல் மனிதர்களை விளித்துத்தான் தன்னிலைகளாக ஆக்குகிறது என்று அல்தூஸர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அந்த ஹோட்டலில் விளிக்கப்பட்டவர்கள் குடிமக்கள் அல்லர். நகரத்தின் ஓய்வூதியர்கள்கூடக் கடன் கொடுத்தவர் என்ற பெயரில்தான் அந்தப் பட்டியலுக்குள் வர முடிந்தது.

படர்க்கை: எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது?

இரண்டு அறிக்கைகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இரண்டிலும் எழுவாய் 'நகரம்'. நகரம் வளர்ந்தது, நகரம் நொடித்தது, நகரம் எழுகிறது. கெவின் ஓர் 2013இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், இந்த நகரம் நெடுங்காலம் மந்தமாகவும் சோம்பலாகவும் பணச் செழிப்பில் மகிழ்ந்தும் கிடந்தது என்ற பொருள்படப் பேசிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். மேயர் உரையில் புகழ்வதற்குப் பயன்படும் அதே உருவகம் இங்கே வசை பாடப் பயன்பட்டது. நகரத்தை ஓர் ஆளாக ஆக்கிவிட்டால் அந்த ஆளை மெச்சலாம், திட்டலாம், பட்டினி போடலாம். உள்ளே இருக்கிறவர்களை எண்ண வேண்டியதில்லை.

இந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். நம் மொழியில் தன்வினை, பிறவினை என்று இருக்கிறது. குறைந்தது - குறைத்தார்கள். அணைந்தது - அணைத்தார்கள். நின்றது - நிறுத்தினார்கள். நகர அறிக்கைகளில் கெட்டதெல்லாம் தன்வினையில் வரும். நல்லதெல்லாம் பிறவினையில் வரும். மக்கள்தொகை குறைந்தது, வருவாய் சரிந்தது, வீடுகள் காலியாயின. ஆனால் விளக்குப் போட்டோம், பூங்கா திறந்தோம், வேலை கொண்டுவந்தோம். வெற்றிக்குச் செய்தவர் உண்டு. இழப்பு மட்டும் மழை மாதிரி தானாகப் பெய்துவிடும்.

'டெட்ராய்ட்டின் மக்கள்தொகை குறைந்தது' என்பதைப் பிறவினையில் மாற்றிப் பார்ப்போம். 1967 கலவரத்தால் வெள்ளையர் ஓடினார்கள், நகரம் வீழ்ந்தது என்பது அங்கே பெரும்பாலோர் சொல்லும் கதை. வரலாற்றாசிரியர் தாமஸ் சுக்ரூ 1996இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையைத் தலைகீழாக்கினார். 1947க்கும் 1963க்கும் இடையிலேயே நகரம் சுமார் 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்துவிட்டது. முதலாளிகள் புதிய ஆலைகளைப் புறநகருக்கும் தென் மாநிலங்களுக்கும் கொண்டு போனார்கள். மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்புகள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து ஒதுக்கின. 1941இல் ஒரு கட்டுமான நிறுவனம் கறுப்பினக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்ட அரசின் கடன் உத்தரவாதம் கேட்டபோது, இடையில் சுவர் எழுப்பிய பிறகுதான் அது கிடைத்தது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. பிளாக் பாட்டம் என்ற கறுப்பினப் பகுதியை இடித்து நெடுஞ்சாலை போட்டார்கள். 1981இல் போல்டவுன் பகுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி அந்த நிலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது நகரத்தின் முதல் கறுப்பின மேயர் கோல்மன் யங்கின் நிர்வாகம். வேலை வரும் என்று நம்பித்தான் கொடுத்தது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அன்று அதை ஏற்றுக்கொண்டது. 2004இல் அந்தத் தீர்ப்பைத் தானே தள்ளுபடி செய்தது.

இத்தனை எழுவாய்களையும் விழுங்கிவிட்டுத்தான் 'குறைந்தது' என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது.

தன்மை: சொல்லும் 'நாம்' யார்?

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. விலக்கி நிறுத்துவது 'நாங்கள்'. மேயர் உரையை மொழிபெயர்க்க உட்காரும் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கும்போதுதான் ஆங்கில உரை எதை மூடி வைத்திருந்தது என்பது விளங்கும். 'விளக்குப் போட்டோம்' என்றால் நாங்கள். 'தியாகம் செய்தோம்' என்றால் நாம்.

மைக் டக்கன் 2014 ஜனவரியில் மேயரானார். கெவின் ஓர் இன்னும் பதவியில் இருந்ததால் இருவரும் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அன்றாட நிர்வாகம் மேயருக்கு. நிதியும் போலீசும் மேலாளருக்கு. தன்னை எதை வைத்து அளக்க வேண்டும் என்று டக்கனே ஓர் அளவுகோலைத் தந்தார்: மக்கள்தொகை கூடுகிறதா, குறைகிறதா? நேர்மையான அளவுகோல்தான். பெருமைப்பட்டுக்கொள்ளக் காரியங்களும் இருந்தன. 2016 டிசம்பருக்குள் 65,000 புதிய தெருவிளக்குகள் நகரம் முழுக்க எரியத் தொடங்கின. இருட்டுக்குள் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. அதே சமயம் கீழ்ப்பகுதியையும் படிக்க வேண்டும். கெவின் ஓர் அறிக்கையின்படி முன்பு இருந்தவை 88,000 விளக்குகள். புதிய விளக்குகளுக்கு வெளிச்சம் அதிகம். ஆனால் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளுக்கு விளக்குத் திரும்பி வரவில்லை.

திவாலிலிருந்து 2014 டிசம்பரில் நகரம் வெளியே வந்தது. சுமார் 700 கோடி டாலர் கடன் கழிந்தது. இதற்கு யார் என்ன கொடுத்தார்கள்? ஓய்வுபெற்ற பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டினார்கள். ஆண்டுதோறும் கூடிவந்த பஞ்சப்படியை நிறுத்தினார்கள். மருத்துவச் சலுகையில் பெரும்பகுதி போயிற்று. அதே 2014இல் தண்ணீர் பாக்கிக்காக 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். கட்ட முடியாதவர்களுக்குத் தண்ணீரை நிறுத்துவது மனித உரிமை மீறல் என்று ஐ.நா.வின் நிபுணர்கள் சொன்னார்கள். திவால் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ், தண்ணீர் பெறுவதற்குச் சட்டப்படி அமல்படுத்தத்தக்க உரிமை இல்லை என்று சொல்லித் தடை தர மறுத்துவிட்டார். 2020இல் கொரோனா வந்து, கை கழுவச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்பட்ட பிறகே இணைப்புகளைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இன்னொன்று சொத்து வரி. ஒரு வீட்டின் சந்தை விலையில் பாதிக்கு மேல் வரிக்கான மதிப்பு வைக்கக் கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். வீட்டு விலைகள் அதலபாதாளத்துக்குப் போன பிறகும் நகர நிர்வாகம் பழைய மதிப்பையே வைத்து வரி வசூலித்தது. 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாகக் கணக்கிடப்பட்டதாக டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை 2020இல் கண்டறிந்தது. கட்ட முடியாதவர்களின் வீடுகளைக் கவுண்டி நிர்வாகம் ஜப்தி செய்து ஏலம் விட்டது. 2011 முதல் 2015 வரை நகரத்துச் சொத்துகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இப்படி ஜப்தியானது. நகரம் முழுவதுக்குமான மறுமதிப்பீடு 2017இல்தான் முடிந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. காலி வீடுகளை இடித்தோம் என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை சொல்லப்பட்டது. அந்த வீடுகளில் எத்தனை இப்படிக் 'காலியானவை' என்ற எண்ணிக்கை அதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டாமா?

2024 மே மாதம் மக்கள்தொகைக் கணிப்பு வந்தது. 1957க்குப் பிறகு முதன்முறையாக நகரத்தின் மக்கள்தொகை கூடியிருந்தது. அதே ஆண்டு மூடிஸ் நிறுவனம் நகரத்தின் கடன் பத்திரங்களுக்கு முதலீட்டுத் தரத்தைத் திருப்பித் தந்தது. டக்கன் தன் அளவுகோலில் ஜெயித்துவிட்டார். ஆனால் எண்ணிக்கைக்கு முகம் கிடையாது. 2010இல் ஏறக்குறைய 83 சதவீதமாக இருந்த கறுப்பின மக்கள் 2020இல் ஏறக்குறைய 78 சதவீதம். ஏலத்தில் வீட்டை இழந்து போன ஒரு குடும்பமும் மாடி வீடு வாங்கி வந்து சேர்ந்த ஒரு குடும்பமும் அந்தக் கணக்கில் நேருக்கு நேர் கழிந்துவிடும். 'நாம் கூடியிருக்கிறோம்' என்ற வாக்கியத்தில் போனவர்கள் இல்லை. அவர்கள் இனி நாமும் இல்லை, நாங்களும் இல்லை, அவர்கள்.

சரி, இதில் நமக்கென்ன?

நமக்கும் மஞ்சக் கடுதாசி இல்லாத தனி அலுவலர் ஆட்சி தெரியும். சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், தேர்தல் இல்லாமல் நடந்தது. கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எழுதி வைத்த பிறகும், 2016 முதல் 2022 வரை தமிழகத்து நகரங்கள் அதே நிலைக்குத் திரும்பின. இந்தக் காலங்களிலும் ஆண்டறிக்கைகள் தவறாமல் அச்சாகித்தான் வந்தன. சாலை போடப்பட்டது, குப்பை அள்ளப்பட்டது, ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது. எல்லாம் செயப்பாட்டுவினை, அகற்றப்பட்டவர்கள் எழுவாயாகவும் வரவில்லை, செயப்படுபொருளாகவும் வரவில்லை. 'ஆக்கிரமிப்பு' என்ற அஃறிணைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

வேறு மாதிரி அறிக்கை சாத்தியமா என்றால், சாத்தியம் என்று காட்டிய ஊர்கள் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989இல் தொழிலாளர் கட்சி நிர்வாகம் பட்ஜெட்டை வட்டார மக்கள் சபைகளில் வைத்து விவாதிக்கும் முறையைத் தொடங்கியது. சென்ற ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியல் அச்சிட்ட புத்தகமாக மக்கள் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதிலிருந்தே அடுத்த ஆண்டுப் பேச்சு தொடங்கும். அங்கே அறிக்கையின் முன்னிலை எதிரில் உட்கார்ந்திருந்தது. பதிலுக்குப் பேசவும் செய்தது. கட்சி தோற்றபின் அந்த முறை தேய்ந்து, 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தி வைத்தார்கள் என்று எழுதுவதே சரி.

தமிழகத்தில் வார்டு குழுக்களுக்கும் ஏரியா சபை எனப்படும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்திருக்கின்றன. அந்தச் சபைகள் எவ்வளவு தூரம் சடங்கு, எவ்வளவு தூரம் நிஜம் என்பது அங்கே போய் உட்காருகிறவர்களைப் பொறுத்தது. எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் மாநகராட்சி அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். 'கழிவுநீர் இணைப்பு தாமதமாகிறது' என்று இருந்தால், தாமதப்படுத்துவது யார் என்று கேட்கலாம். 'இடம்பெயர்ந்த குடும்பங்கள்' என்று இருந்தால், பெயர்த்தது யார், எந்த உத்தரவின்படி, இப்போது அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டு, வரும் பதிலைத் தேதியோடு எழுதி வைக்கலாம். பத்து வார்டுகளில் பத்துப் பேர் இதைச் செய்தால், மெய்க்கீர்த்திக்குக் கீழே வர வேண்டிய பகுதி கொஞ்சமாவது எழுதப்பட்டுவிடும்.